நானூறு மீட்டர்

வேலை விஷயமாக மூன்று மாதம் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் இருக்க வேண்டி வந்தது. நகரத்துக்கு மேற்கே சோஃபியா ஆன்டிபோலிஸ் என்று ஒரு தொழில்நுட்பப் பூங்கா. நம்ம சிறுசேரி மாதிரிதான், ஆனால் பைன் மரங்களுக்கு நடுவில். வார நாட்களில் அங்கே கோட் எழுதுவேன். சனி, ஞாயிறுகளில் கூட வேலை பார்த்த ஒருவன் தன் பழைய காரில் என்னை மலைக்குக் கூட்டிப்போவான்.

நீஸைச் சுற்றி மலையுச்சிகளில் கிராமங்கள் இருக்கின்றன. கடலோரத்தில் குடியிருந்தால் கொள்ளைக்காரர்களும் படைகளும் வருவார்கள் என்று பயந்து, பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் உச்சியில் போய் ஒட்டிக்கொண்ட ஊர்கள். அவற்றில் ரொம்பப் பெயர் பெற்றது ஏஸ். கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. கீழே கடற்கரையிலிருந்து அங்கே ஏறிப்போகும் ஒற்றையடிப் பாதைக்கு நீட்சேயின் பெயர். 1880களில் குளிர்காலங்களை நீஸில் கழித்த நீட்சே, 'ஜரதுஷ்ட்ரா'வின் மூன்றாம் பாகத்தில் முக்கியமான ஒரு பகுதி இந்த ஏற்றத்தில்தான் உருவானது என்று எழுதியிருக்கிறார். நானும் அதே பாதையில் ஏறினேன். தத்துவம் ஒன்றும் தோன்றவில்லை. மூச்சு வாங்கியது.

ஆனால் சாப்பாடு பிடித்திருந்தது. 'சொக்கா' என்று ஒன்று. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. கரைத்து, பெரிய செப்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் வேகவைத்து, மேலே மிளகைத் தூவிக் கையில் கொடுப்பார்கள். நம்ம அடைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம்.

என் நண்பனின் பாட்டி அப்படியொரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். அந்த வீட்டை அவன் தூரத்திலிருந்து காட்டினான். கல் வீடு, நீலக் கதவு. இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். "எல்லா ஓட்டல் மெனுவிலயும் 'பாட்டி சமையல்'னு போட்டிருக்கான். ஊர்ல ஒரு பாட்டி கிடையாது" என்றான். பிறகு, "சாப்பாடு உள்ளூர். ஆளுங்கதான் இல்ல."

அப்போது எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "எங்க ஊருக்கு வா. எங்க கிராமத்துல பாட்டிங்க இருக்காங்க. வீட்டுக்குள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு சோறு போடுவாங்க. காசு கொடுத்தா கோவிச்சுக்குவாங்க" என்றேன்.

அதைச் சொன்னபோது முழுக்க நம்பித்தான் சொன்னேன். அந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று புரிந்துகொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

*

இரண்டு வருடம் கழித்து, ஒரு டிசம்பரில், அவன் நிஜமாகவே வந்துவிட்டான். திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் போகும் வழியில் காரில் அவன் கேட்ட முதல் கேள்வி: "உங்க மலைக் கிராமமெல்லாம் எங்கே?"

சிரிப்பு வந்தது. டெல்டாவில் மலை ஏது? கல்லணையைத் தாண்டினால் கடல் வரைக்கும் தாம்பாளம் மாதிரி தட்டை. எங்களுக்கு உயரம் என்றால் திடல்தான். சுற்றிலும் வயல், நடுவில் கொஞ்சம் மேடாக ஒரு நிலம். அதன் மேல் வீடுகள், தென்னை, மாட்டுக் கொட்டகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகும்போது, மூன்றடி மேடு பெரிய விஷயம். யார் வீடு மேட்டில், யார் வீடு பள்ளத்தில் என்பது எங்கள் பக்கத்தில் தற்செயலாக அமைந்ததில்லை. இதை அவனிடம் சொன்னேன், தகவலாகத்தான். எனக்கே அப்போது அது தகவல்தான்.

இரண்டு நாள் நன்றாகப் போனது. திருவையாற்றில் அசோகா வாங்கிக் கொடுத்தேன். பாசிப்பருப்பை வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது. இலைத்துண்டில் வைத்துத் தந்ததை, விரலில் நெய் வழிய நின்றுகொண்டே தின்றான். கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் சோம்பு அரைத்துவிட்டுச் செய்கிற அந்தக் குழம்பைத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வெளியே தேடிப்பிடிப்பது கஷ்டம். பித்தளை டபராவில் டிகிரி காபி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்தான், எல்லாவற்றுக்கும் நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். சாம்பாரே தஞ்சை மராட்டிய அரண்மனைச் சமையல்கட்டில் பிறந்தது என்று சொல்லப்படும் கதையையும் எடுத்துவிட்டேன். அது கதைதான் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

மூன்றாம் நாள் டிசம்பர் 25. நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வேன்களும் லாரிகளும் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு போயின. "கிறிஸ்துமஸுக்கா?" என்று கேட்டான். இல்லை, கீழ்வெண்மணிக்கு என்றேன். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்துபோனார்கள். தலித் கூலி விவசாயக் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் குற்றம். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவன், "அரைப்படின்னா எவ்வளவு?" என்று கேட்டான்.

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, இவ்வளவு, என்று காட்டினேன். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வீட்டில் அம்மா இலை போட்டு வைத்திருந்தாள். மார்கழி என்பதால் சைவம். முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூ வடை, கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், கெட்டித் தயிர். அவன் கையால் பிசைந்து சாப்பிட முயன்றதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாவம், எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு புள்ள" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினாள். பிரான்ஸில் நான் சொன்னது அப்படியே பலித்தது.

*

மறுநாள் காலை வயல் பக்கம் போனோம். சம்பா பூட்டையில் இருந்தது. தாளடி வயலில் நாலைந்து பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வயலில் வேலை செய்கிறவர். அவருக்கு இப்போது எழுபதுக்குப் பக்கம் இருக்கும். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சின்ன வயதில் தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டேன். ஆறு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, 'வா', 'போ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்றார். யாரும் சொல்லித்தரவில்லை. தாய்மொழியைக் கற்றுக்கொள்வது போலத்தான் இதையும் கற்றுக்கொள்கிறோம். இலக்கணம் தெரியாமலே பிழையில்லாமல் பேசுவோம்.

நண்பன் வரப்பில் உட்கார்ந்து, "இவங்க மதியம் என்ன சாப்பிடுவாங்கன்னு கேளு" என்றான். கேட்டேன். அவர் சிரித்தார். "என்னத்த தம்பி, நேத்து வரப்புல நண்டு பிடிச்சுது பேரன். ரசம் வெச்சிருக்கேன். வாங்களேன், தொரையும் சாப்பிடட்டும்."

போகிற போக்கில் சொன்ன உபசாரம் அது. எங்கள் ஊரில் இப்படிச் சொல்வார்கள். எதிராளி "இருக்கட்டும், இன்னொரு நாள்" என்பார். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இவன் "போலாம்" என்று எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்து நாலு வயதுவரை நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. அந்தத் தெருவுக்குள்ளேயே போனதில்லை. ஆள் கூப்பிட வேண்டுமென்றால், தெருமுனைப் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திக் குரல் கொடுப்பேன். பிற்பாடு கூகுள் மேப்பில் அளந்து பார்த்தேன். எங்கள் திண்ணையிலிருந்து அவர் வாசலுக்கு நானூறு மீட்டர். ஏஸில் அதே நானூறு மீட்டரைச் செங்குத்தாக ஏறியிருக்கிறேன்.

வீடு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறைக் கான்கிரீட் வீடு. முன்னால் கீற்றுச் சாய்ப்பு. நாங்கள் உட்கார்ந்ததும் பேரனிடம் அவர் ஏதோ சொல்ல, பையன் சைக்கிளில் பறந்தான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். கையில் ஒரு பெரிய பாட்டில் கூல்டிரிங்க்ஸ், ஒரு கட்டு காகிதத் தட்டு, காகிதக் கப்.

நண்பன் என் காதில், "பிளாஸ்டிக், பேப்பர் எல்லாம் எதுக்கு? வீட்டுத் தட்டே போதுமே" என்றான். சுற்றுச்சூழல் அக்கறை. எனக்கோ காது சூடாகிவிட்டது. அந்தத் தட்டுகள் எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஆள் அவர் வீட்டுத் தட்டில் சாப்பிடமாட்டார் என்று அவர் முடிவு செய்திருந்தார். என்னைக் கேட்டு, நான் தயங்கி, அதைத் தான் பார்க்க வேண்டிய நிலைமை வராமல், முன்கூட்டியே எனக்கு வழி செய்து கொடுத்திருந்தார். விருந்தாளியின் சாதிப்புத்திக்கும் சேர்த்து அவர் விருந்து ஏற்பாடு செய்திருந்தார், அதுவும் கடையில் காசு கொடுத்து.

"வீட்டுத் தட்டுலயே போடலாமே" என்றேன். கவனியுங்கள், "போடுங்க" என்று சொல்லவில்லை. 'போடு' என்று சொல்லக் கூசியது, 'போடுங்க' என்று சொல்ல வாய் பழகவில்லை. தமிழில் இதற்கென்றே சில வசதிகள் உண்டு. சாப்பிட்டாச்சா, போடலாமே, கிளம்பலாமா. யாரை மரியாதை போட்டுப் பேசுகிறோம், யாரை மரியாதையில்லாமல் பேசுகிறோம் என்பது தெரியாமல் ஒரு மணிநேரம் ஓட்டிவிடலாம். அன்று நான் அப்படித்தான் ஓட்டினேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எவர்சில்வர் தட்டுகளை எடுத்துவந்து எங்கள் கண்ணெதிரே மறுபடியும் கழுவினார்.

நண்டு ரசத்தைப் பற்றி எழுதாவிட்டால் அது வேறொரு துரோகம். வயல் நண்டை ஓட்டோடு அம்மியில் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் நசுக்கிப்போட்டு, புளி கொஞ்சமாக. சளிக்கு நல்லது என்பார்கள். தொண்டையில் இறங்கும்போது காரமும், அதற்குப் பின்னால் சேற்றின் வாசமா தித்திப்பா என்று சொல்ல முடியாத ஒன்றும். ரேஷன் அரிசிச் சோறு. தொட்டுக்கொள்ள நத்தை வறுவல் கொஞ்சம். முன்னே மாதிரி நண்டும் நத்தையும் கிடைப்பதில்லை, மருந்து அடித்து அடித்து எல்லாம் போய்விட்டது என்றார். மருந்து அடிக்கச் சொல்வது எங்கள் வீடு. அதை அவர் சொல்லவில்லை.

மூன்று நாளாக நான் நண்பனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த 'தஞ்சாவூர்ச் சாப்பாட்டில்' இது எதுவும் இல்லை. அசோகா, கடப்பா, டிகிரி காபி, நெய், கெட்டித் தயிர்: எல்லாம் இந்த மண்ணின் சாப்பாடுதான். ஆனால் நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள் அதே வயலின் வரப்பிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் எடுத்துத் தின்றது வேறு. உள்ளூர் உணவு என்கிறோம். எந்த வாசலில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து உள்ளூரே மாறிவிடுகிறது.

கிளம்பும்போது நான் பேரன் கையில் ஐந்நூறு ரூபாய் வைத்தேன். அவர் முகம் மாறியது. "எதுக்கு தம்பி? சோத்துக்குக் காசா?" என்று பையன் கையிலிருந்து வாங்கி என் சட்டைப் பையில் செருகினார். பக்கத்தில் நின்ற மருமகள் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடைக்கு வந்தா வாங்கிக்கிறோம்." டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்கால இட்லிக்கடை போட்டிருக்கிறாராம். இங்கேயே போடலாமே, தினம் பஸ் செலவு மிச்சமாகுமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"டவுன்ல போட்டா எல்லாரும் சாப்பிடுவாங்க. இங்க போட்டா எங்க தெரு மட்டும்தான் வரும்."

*

அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஓடுவது இதுதான்: விருந்து உயர்ந்தது, விற்பனை தாழ்ந்தது என்று நான் எப்படி அவ்வளவு உறுதியாக நம்பினேன்?

இது என் நம்பிக்கை மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் பிடித்தமான நம்பிக்கை. பயணக் கட்டுரைகளின் உச்சக்கட்டம் எப்போதும் ஒன்றுதான்: முகம் தெரியாத ஏழை வீட்டில் சாப்பிட்டேன், காசு வாங்க மறுத்தார்கள், மனிதம் வாழ்கிறது. திருக்குறளில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் 'புதுமை'. விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர். அழகான சொல்தான். ஆனால் அந்தப் பொருளுக்குள்ளேயே ஒரு கதவு சாத்தியிருப்பதை நான் அந்த வீட்டில்தான் கவனித்தேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவன் புதியவன்; அவனுக்கு நடுக்கூடத்தில் தலைவாழை இலை. நாற்பது வருடமாகத் தினமும் வருகிறவர் எப்படிப் புதியவராவார்? அவருக்குக் கொல்லைப்புறம். அந்நியருக்குச் சோறு போடுவது சுலபம். அவர் நாளைக்குப் போய்விடுவார். அவரை உட்கார வைப்பதால் ஊரில் ஒன்றும் மாறாது. பக்கத்துத் தெருக்காரர் உட்கார்ந்தால் எல்லாம் மாறும்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான 'கொடை' பற்றிய நெடுங்கட்டுரையில் மூன்று கடமைகளைச் சொல்கிறார்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது. மூன்றாவது அறுந்தால் கொடை ஒரு ஆயுதமாகிறது. திருப்பித்தர முடியாதவன் வாங்கும்போதெல்லாம் தாழ்கிறான். எங்கள் வீட்டில் இது இன்னும் நுட்பமாக நடந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அவருக்குச் சோறு போயிருக்கிறது: விசேஷத்துக்கு, நல்லநாள் கிழமைக்கு, மிஞ்சியபோது. எப்போதும் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போவார். திருப்பிக் கொடுக்க அவருக்கு முடியாமல் இல்லை. எங்களுக்கு வாங்கிக்கொள்ள முடியாமல் இருந்தது. வாங்க மறுப்பதுதான் எங்கள் உயரம். திடலின் மூன்றடி மேடு அதனால் ஆனதுதான்.

இலவசமாகக் கிடைத்த சோறெல்லாம் இந்த மண்ணில் சமமாகவே பரிமாறப்பட்டது என்று சொல்லவும் முடியாது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியெல்லாம் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாட்டோடு படிப்பும் வைத்தியமும் கிடைத்தன. பெரிய காரியம்தான், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நம் சத்திரங்களில் வயிறு எல்லோருக்கும் நிறைந்தாலும், பந்தி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1920களில், தேசபக்தியைப் பாலோடு ஊட்டுவதற்காக வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்திலேயே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி என்பதுதான் பெரிய சண்டையானது.

மறுபக்கம், காசு கொடுத்துச் சாப்பிடும் இடம். அதுவும் சுத்தமானதில்லை. கிராமத்து டீக்கடையின் இரட்டைக் குவளையும் காசுக்குத்தான் டீ கொடுத்தது. 1957இல் சென்னையில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். அப்படியானால் காசு தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவரவில்லை. போராடித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனாலும் காசு ஒரு பிடி கொடுத்தது. 'நானும் காசு தருகிறேன், எனக்கு மட்டும் ஏன் வேறு டம்ளர்?' என்று கேட்கலாம். விருந்தில் அப்படிக் கேட்க முடியாது. விருந்தில் கிடைப்பது கருணை. கருணையிடம் கணக்குக் கேட்பவனுக்கு நன்றி கெட்டவன் என்று பெயர்.

அந்த மருமகள் டவுனுக்குப் போவது அதனால்தான். டவுனில் அவர் யாருக்கும் பக்கத்துத் தெருக்காரர் இல்லை. பத்து ரூபாய் கொடுத்தால் இட்லி, இட்லி சரியில்லையென்றால் நாளைக்கு வேறு கடை. அந்த அநாமதேயத்தை 'நகரத்தின் ஈரமின்மை' என்று நான் இதுவரை எத்தனை ஃபேஸ்புக் பதிவில் திட்டியிருக்கிறேன்! அவருக்கு அதுதான் மூச்சு விடும் இடம். கீழ்வெண்மணிக்காரர்கள் கேட்டதும் இதே மாதிரியான ஒன்றைத்தான். பண்டிகைக்குப் புதுவேட்டியோ மிஞ்சிய குழம்போ அவர்கள் கேட்கவில்லை. அரைப்படி கேட்டார்கள், அளந்து. கொடையாகக் கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். கூலியாகக் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்படியென்றால் அந்த ஐந்நூறு ரூபாயை அவர் வாங்கியிருக்க வேண்டுமா? இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். அவர் வாங்காதது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் முன்பு நினைத்த காரணத்துக்காக அல்ல. நாற்பது வருடத்தில் முதல் முறையாக எங்கள் வீட்டு ஆள் ஒருவன் அவரிடம் வாங்கிக்கொண்டிருந்தான். அதைக் காசு கொடுத்து அன்றைக்கே நேர்செய்து, கடன் இல்லாதவனாக எழுந்து போகப் பார்த்தேன். அவர் விடவில்லை. கடன்பட்டவனாகவே என்னை அனுப்பினார். அது கருணை இல்லை. அவருக்கு அது ஒரு உரிமை.

*

இதை எழுதுவதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நிலம் வைத்திருந்த வீட்டுப் பையன் கூலிக்காரர் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு, ஞானம் பெற்று, கட்டுரையும் எழுதிவிடுகிறான். நண்டும் அவருடையது, காகிதத் தட்டுச் செலவும் அவருடையது, அனுபவம் மட்டும் என்னுடையது. 1940களில் கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாச ராவ் இந்தப் பக்கத்துச் சேரிகளில் தங்கி, அவர்களோடு உண்டு, சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சங்கம் கட்டினார். அவர் சாப்பிட்டது ஒரு வேலையின் பகுதி. நான் சாப்பிட்டது சுற்றுலாவின் பகுதி. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

தெரிவதால் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மார்கழில போய் நண்டா?" என்றாள். பிரச்சினை மார்கழி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "சாப்பிட்டது சரி. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத" என்று முடித்தாள். பொங்கலுக்கு அவர்களைச் சாப்பிடக் கூப்பிடலாம், உள்ளே, இலை போட்டு, என்றேன். "அவளே வரமாட்டா" என்றாள் அம்மா. நம் ஊரில் எல்லா அநியாயத்துக்கும் கடைசியில் இப்படி ஒரு காரணம் இருக்கும்: அவங்களே வரமாட்டாங்க.

நானே போய்க் கூப்பிட்டேன். புளியமரத்தில் நிற்காமல் வாசல் வரை போனேன். "பொங்கலுக்கு மறுநாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும் நீங்க" என்றேன். 'நீங்க' வாக்கியத்தின் கடைசியில், ஒட்டாமல் வந்து விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். "உங்க அம்மாகிட்ட கேட்டியா?" என்றார். சின்னய்யா என்றவர் வயலில் 'வாங்க' என்றார், இங்கே 'கேட்டியா' என்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வந்தார்கள். அவரும் மருமகளும் பேரனும். பழக்கத்தில் கொல்லைப் பக்கம் திரும்பியவரை, வாசலில் நின்ற அம்மா, "இப்படி வா" என்று கூப்பிட்டாள். 'வா'தான், 'வாங்க' இல்லை. கூடத்தில் இலை போட்டாள். அவளே பரிமாறினாள். கூட உட்காரச் சொன்னபோது, "நான் அப்புறமா" என்றாள். எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் அப்புறம்தான் சாப்பிடுவாள், அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தலை நிமிராமல், வேகமாக, கொஞ்சமாகச் சாப்பிட்டார்கள். பேரன் மட்டும் பாயசம் இரண்டு தடவை வாங்கினான். எழுந்ததும் அவர் இலையை எடுக்கக் குனிந்தார். நான் பிடித்து நிறுத்தினேன். ஐந்து பேருக்கும் அது இம்சையாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் வழக்கம்போலக் கொல்லை வழியாக வந்து, வழக்கம்போல வயலுக்குப் போனார்.

எதுவும் மாறிவிடவில்லை என்று எழுதித்தான் இதை முடிக்கவிருந்தேன்.

ஆனால் சென்னைக்குக் கிளம்புகிற அன்று வரப்பில் அவரைப் பார்த்தேன். சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா இருந்துச்சு என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டுச் சோற்றைப் பற்றி நாற்பது வருடத்தில் அவர் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. பாத்திரத்தில் வாங்கிப்போகிறவர் குறை சொல்ல முடியாது. கடைக்கு வருகிறவர் சொல்லலாம், விருந்துக்கு வந்தவரும் சொல்லலாம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "சாம்பார்ல உப்பு கம்மி."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆமா, அன்னிக்குக் கொஞ்சம் கம்மிதான்" என்றாள்.